யுஹன்னுஸ் விருந்து: கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

ஃபின்லாந்தின் கோடைத் திருநாளான யுஹன்னுஸ், 1955 முதல் ஜூன் 20-க்கும் 26-க்கும் நடுவே வரும் சனிக்கிழமையில் கொண்டாடப்படுகிறது. ஆனால் சாப்பாடு களைகட்டுவது முந்தின நாள் மாலையில், பெரும்பாலும் ஏரிக்கரைக் குடிலில். பக்கத்தில் கடை இருக்காது. வியாழக்கிழமை கட்டிக்கொண்டு போன பைதான் கதி. பத்துப் பேருக்குச் சமைப்பதாக வைத்துக்கொண்டு, கடைகளில் குவியும் யுஹன்னுஸ் சரக்கைப் பார்ப்போம்.

முழு மதிப்பெண் புது உருளைக்கிழங்குக்கு. மீன், இறைச்சி எல்லாம் அதற்குத் துணைதான். பத்துப் பேருக்கு 3 கிலோ வேண்டும். திறந்தவெளிச் சந்தையில் இதை லிட்டர் கணக்கில் அளந்து போடுவார்கள். ஒரு லிட்டர் என்பது சுமார் 650 கிராம்தான், அதனால் ஐந்து லிட்டர் கேளுங்கள். ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தால் தோல் ஈரக் காகிதம்போல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் தோண்டி நாளாகிவிட்டது என்று அர்த்தம். மண் ஒட்டிய கிழங்கே நல்லது. வெளிச்சம் படாமல் வையுங்கள், பட்டால் பச்சை பூத்துக் கசக்கும். சீக்லி வகை வெந்தாலும் கட்டாக நிற்கும், மிஞ்சியதை மறுநாள் வெண்ணெயில் வதக்கலாம். தீமோ கொஞ்சம் மாவாகும்.

வேகவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் கொதித்த பிறகே கிழங்கைப் போட வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு, ஒரு பிடி சதகுப்பைத் தண்டு. இலையைத் தூவுவதற்கு வைத்துக்கொண்டு தண்டைப் பானையில் போடுங்கள், வாசனை அதில்தான் இருக்கிறது. தளதளவென்று கொதிக்கவிட்டால் தோல் வெடித்துக் கிழங்கு நீர் கோத்துவிடும். மெல்லிய கொதியில் 15 நிமிடம் போதும், பெரிய கிழங்குக்கு 20. வடித்ததும் பானை வாயில் துணி போட்டு மூடினால் ஆவியை அது குடித்துக்கொள்ளும். மூடியால் மூடினால் அதே ஆவி சொட்டித் திரும்ப நனைக்கும்.

அடுத்தது சில்லி. மிளகாய் இல்லை; ஹெர்ரிங் மீனின் ஃபின்னிஷ் பெயர், நம் மத்திக்குப் பங்காளி. பால்டிக்கில் பிடிபடும் சிறிய வகைக்குச் சிலக்கா என்று தனிப் பெயர் உண்டு. ஜாடியில் வருவது பெரும்பாலும் அட்லாண்டிக் மீன், கொழுப்பு கூடுதல். அஹ்தி, அப்பா இரண்டும் எங்கும் கிடைக்கும் பிராண்டுகள். (அஹ்தி ஃபின்னிஷ் புராணத்தின் நீர்த் தெய்வம். அப்பா நம் அப்பா இல்லை, ஸ்வீடன் பிராண்ட்.) மசாலா வாசனையோடு இனிக்கும் மாத்யெஸ் ஒரு ஜாடி, கடுகுச் சாற்றில் ஊறியது ஒரு ஜாடி வாங்கலாம். தலைக்கு 100 கிராம் மீன் கணக்கு. புளித்த கிரீமில் சதகுப்பை கலந்த வகைகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். மாத்யெஸை வடிகட்டி நீங்களே கலந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

வெங்காயம், கேரட் அடுக்கிய 'கண்ணாடிக்காரர் சில்லி'யும் வீட்டில் செய்ய வேண்டியதே. உப்பிட்ட ஹெர்ரிங் துண்டம் 400 கிராமை இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து உப்பை இறக்குங்கள். வினிகர் 1, சர்க்கரை 2, தண்ணீர் 3 பங்கு. ஒரு பங்கு 1 டெசிலிட்டர், அதாவது 100 மில்லி. வினிகர் 10 சதவீத அமிலமுள்ள வெள்ளை வினிகராக இருக்கட்டும். ஆல்ஸ்பைஸ் என்னும் மசாலா மணிகள் பத்து, பிரிஞ்சி இலை இரண்டு சேர்த்துக் கொதிக்கவைத்து, முழுக்க ஆறிய பிறகே மீன்மேல் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் மீன் வெந்து கூழாகும். குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் ஊறினால்தான் சுவை ஏறும் என்பதால் செவ்வாயன்றே போட்டுவிடுங்கள். கடை ஜாடிக்கும் எச்சரிக்கை உண்டு. மூடி இறுகியிருந்தாலும் அது கிருமிநீக்கம் செய்த டின் உணவு அல்ல. குடில் வரை ஐஸ் பையில்தான் போக வேண்டும்.

புகையிட்ட சால்மன் தயாராகவே கிடைக்கிறது, குறையில்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: குளிர்ப்புகையில் இட்டதும், உப்பில் ஊறிய கிராவியும் வேகாத மீன்கள். லிஸ்டீரியா கிருமி அபாயம் இருப்பதால் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் தவிர்க்க வேண்டும், அவர்களுக்குச் சூடான புகையில் வெந்ததை வாங்குங்கள். குடிலில் புகைப்பெட்டி இருந்தால் முழு சீகா மீனே மேல். உப்புத் தடவி ஒரு மணி நேரம், அடியில் இரண்டு கைப்பிடி ஆல்டர் மரச் சீவல். சீவலுக்கு மேல் தட்டோ அலுமினியத் தாளோ இல்லாவிட்டால் கொழுப்பு சொட்டிக் கரிந்து மீன் கசந்துவிடும். முதல் சில நிமிடம் மூடியைச் சற்றே திறந்து ஈர ஆவியை வெளியேற்றுங்கள். முதுகுத் துடுப்பு இழுத்ததும் கையோடு வந்தால் வெந்துவிட்டது.

டப்பா உருளைக்கிழங்கு சாலட்? இவ்வளவு நல்ல கிழங்கு இருக்கும்போது மயோனைஸில் மூழ்கிய பழங்கிழங்கு எதற்கு. கிரில் தொத்திறைச்சியான மக்கரா தலைக்கு இரண்டு, துர்குக் கடுகு விழுது ஒரு டியூப். பொட்டலத்தின் பின்புறம் இறைச்சிச் சதவீதம் பார்த்து வாங்குங்கள், சுவாலையில் இல்லாமல் தணலில் சுடுங்கள், வேறு சொல்ல ஒன்றுமில்லை. பல்லில் கீச்சிடும் ரொட்டிப் பாலாடைக்கட்டி, அதாவது லெய்பயூஸ்தோ, லேசாகச் சூடாக்கினால் இன்னும் அருமை. அதோடு சேரும் லக்கா பழம் ஜூனில் பழுக்காது, ஜாம்தான்.

ஒரே ஒரு பாத்திரம் வாங்குவதானால் மூரிக்கா. தீமேல் நிற்கும் அகன்ற எஃகுச் சட்டி, நடுவில் லேசாகக் குழிந்தது. தோசைக்கல்லைப் போல இதையும் பழக்க வேண்டும்: உப்பும் கொழுப்பும் போட்டுக் காய்ச்சித் துடைத்து, ஒவ்வொரு முறையும் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். சோப்பில் ஊறவைத்தால் துருப்பிடிக்கும். ரை மாவில் புரட்டிய முய்க்கு மீனை வெண்ணெயில் பொரிக்கவும், லெத்து என்னும் மெல்லிய பான்கேக் சுடவும் இதுவே. லெத்துக்குப் பால் 1 லிட்டர், கோதுமை மாவு 5 டெசிலிட்டர், முட்டை 4, உப்பு 1 தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 50 கிராம். அரை மணி ஊறட்டும். சட்டி சாய்ந்து நின்றால் மாவு ஒரு பக்கம் தடித்து வேகாது, கால்களைச் சமன் பார்த்து நிறுத்துங்கள். ஓரம் சரிகைபோல் முறுகியதும் திருப்பலாம். மேலே ஸ்ட்ராபெர்ரி போட ஆசைதான், ஆனால் இந்த வாரம் கிடைக்கும் உள்ளூர்ப் பழம் பெரும்பாலும் கூடாரத்தின் கீழ் விளைந்தது, விலை அதிகம். திறந்த வயல் பழத்தின் காலம் ஜூலை. அதுவரை ருபார்ப் தண்டைச் சர்க்கரையோடு வேகவைத்து ஊற்றிக்கொள்ளலாம்.