ஜீன் ரிப்போர்ட்டா, இஞ்ச் டேப்பா?

எச்சிலை ஒரு சின்னக் குழாயில் எடுத்து அனுப்பினால் சில வாரங்களில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. எஃப்டிஓ ஜீனில் ரிஸ்க் அதிகம், பிபிஏஆர்ஜி ஜீனில் இன்ன மாற்றம், ஆகவே உங்களுக்குப் பொருந்துவது லோ-கார்ப் (மாவுச்சத்து குறைந்த) டயட் என்று கடைசிப் பக்கத்தில் தீர்ப்பும் இருக்கும். உடம்புக் கொழுப்பைக் குறைக்கக் கிளம்புகிறவர் முன்னால் இருக்கும் ஒரு வழி இது. இன்னொன்று பழைய வழி: ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வாரம் போவது, எடையையும் இடுப்புச் சுற்றளவையும் ஒழுங்காகக் குறித்துவைப்பது, அந்தக் கணக்கை வைத்து அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுப்பது.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், பெரும்பாலானவர்களுக்கு இஞ்ச் டேப்தான். ஜீனுக்குப் பங்கில்லை என்பதால் அல்ல. பங்கு பெரியது. அந்தப் பங்கை எச்சில் ரிப்போர்ட்டால் படிக்க முடியவில்லை, அதுதான் சிக்கல்.

இரட்டையர்கள் காட்டியது

ஜீனின் பங்கைப் பார்க்க நல்ல இடம் ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்கள். கனடாவின் கியூபெக்கில் கிளாட் பூஷார்டின் குழு, இப்படிப்பட்ட 12 ஆண் ஜோடிகளுக்கு நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாக, வாரத்தில் 6 நாள் என்ற கணக்கில் மொத்தம் 84 நாள் கொடுத்துப் பார்த்தது. 1990-ல் முடிவு வெளியானது. சராசரியாக 8.1 கிலோ ஏறியது. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. கொடுத்த உணவு எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு ஜோடிக்குள் இருந்த வேறுபாட்டைப்போல மூன்று மடங்கு, ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் இருந்தது. வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பில் அது இன்னும் அதிகம்.

அதே குழு தலைகீழாகவும் செய்தது. 7 ஜோடிகள், சாப்பாட்டின் அளவு மாறாமல், 93 நாள் சைக்கிள் மிதித்தார்கள். சராசரியாக 5 கிலோ இறங்கியது. ஒருவருக்கு 1 கிலோ, ஒருவருக்கு 8 கிலோ. இங்கும் அண்ணனுக்கு இறங்கிய அளவுக்குப் பக்கத்திலேயே தம்பிக்கும் இறங்கியது. அதாவது எவ்வளவு கரையும், எங்கிருந்து கரையும் என்ற இரண்டிலுமே பிறவிக் கூறு கை வைக்கிறது.

அப்படியானால் ரிப்போர்ட் ஏன் தோற்கிறது? இரட்டையர்கள் பகிர்வது முழு டிஎன்ஏ-வை. ரிப்போர்ட் பார்ப்பது அதில் சில எழுத்துகளை மட்டும். 2015-ல் பெரிய கூட்டாய்வு ஒன்று உடல் எடையோடு தொடர்புள்ள 97 இடங்களைக் கண்டுபிடித்தது. அத்தனையும் சேர்ந்து பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடை அளவு) வேறுபாட்டில் 2.7 சதவீதத்தைத்தான் விளக்கின. 2019-ல் 21 லட்சம் இடங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் தயாரித்தார்கள். அதில் மேல் பத்தில் ஒரு பங்கினருக்கும் கீழ் பத்தில் ஒரு பங்கினருக்கும் நடு வயதில் ஏறக்குறைய 13 கிலோ வித்தியாசம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதுவும் ‘யார் குண்டாக வாய்ப்பு’ என்ற கேள்விக்கான பதில். ‘எந்த டயட்டில் யாருக்கு இறங்கும்’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியின் பதிலை இரண்டாவதன் மேல் ஒட்டிவிடுவதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

எஃப்டிஓ: பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை

ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் வரும் பெயர் பெரும்பாலும் இதுதான். 2007-ல் அடையாளம் காணப்பட்டது. இந்த ஜீனின் ரிஸ்க் வடிவம் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்திருந்தால், ஒன்றுகூட இல்லாதவரைவிடச் சராசரியாக 3 கிலோ எடை கூடுதல். உடல் பருமன் வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். இது பெரும்பாலும் பசி வழியாக வேலை செய்கிறது: தட்டு காலியான பிறகும் போதும் என்ற உணர்வு தாமதமாக வரும்.

எடை இறக்கும்போது இதே ஜீன் முட்டுக்கட்டை போடுமா? 8 சோதனைகளில் கலந்துகொண்ட 9,563 பேரின் தரவைச் சேர்த்து 2016-ல் பார்த்தார்கள். உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து என்று எந்த வழியானாலும் ரிஸ்க் வடிவம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே இறங்கியது. ஒரு நியாயமான விளக்கம் உண்டு. அளவு முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டால், ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கும் ஜீனுக்கு வேலை குறைந்துவிடுகிறது. அதனால் இந்த ரிசல்ட் வந்தவர் டயட்டை மாற்றத் தேவையில்லை. தட்டில் போடும்போதே அளந்து போடுவதும், பாத்திரத்தை மேசையில் வைக்காமல் இருப்பதும் போதும். எச்சில் கொடுக்காமலே செய்யக்கூடிய காரியம்.

லோ-கார்பா, லோ-ஃபேட்டா

ஜீனைப் பார்த்து டயட் தேர்வது என்ற யோசனைக்கு நேரடிப் பரீட்சை ஸ்டான்ஃபோர்டில் நடந்தது. 609 பேர், 12 மாதம், பாதிப் பேர் ஆரோக்கியமான லோ-ஃபேட், பாதிப் பேர் ஆரோக்கியமான லோ-கார்ப். எல்லோருடைய ஜீன் வடிவத்தையும் பார்த்து, யாருக்கு எது பொருந்த வேண்டும் என்று முன்பே வகைப்படுத்தியிருந்தார்கள். 2018-ல் வந்த முடிவு: லோ-ஃபேட்டில் சராசரி 5.3 கிலோ, லோ-கார்பில் 6.0 கிலோ. புள்ளியியல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஜீனுக்குப் ‘பொருந்திய’ டயட் கிடைத்தவர்களுக்கு எந்த அனுகூலமும் இல்லை. இன்சுலின் சுரப்பை வைத்துப் பிரித்தும் பலனில்லை.

இதில் உற்றுப்பார்க்க வேண்டியது சராசரியை அல்ல. இரண்டு குழுவிலும் நிறைய இறங்கியவருக்கும் எடை ஏறியவருக்கும் இடையே கிட்டத்தட்ட 40 கிலோ தூரம். டயட்டுக்கும் டயட்டுக்கும் வித்தியாசம் அரை முக்கால் கிலோ, ஆளுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் 40 கிலோ! எந்த டயட் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, எதில் பசி அடங்குகிறது, எதை ஒரு வருடம் ஓட்ட முடியும் என்று பார்ப்பதுதான் லாபம்.

சாப்பாட்டைக் குறைப்பதா, உடற்பயிற்சியா

இந்த ஒப்பீட்டில்தான் பிறவிக் கூறு கண்ணுக்குத் தெரியும்படி விளையாடுகிறது. உடற்பயிற்சியை மட்டும் நம்பினால் ஆளுக்கு ஆள் பலன் பயங்கரமாக மாறும். 35 பேரைக் கண்காணிப்பில் வைத்து 12 வாரம், ஒரு தடவைக்கு 500 கலோரி செலவாகும்படி பயிற்சி கொடுத்த 2008 ஆய்வில், ஒருவருக்கு 14.7 கிலோ இறங்கியது, இன்னொருவருக்கு 1.7 கிலோ ஏறியது. பயிற்சியைத் தவறாமல் செய்தும் இறங்காதவர்கள் பசி கூடி, செலவழித்ததில் ஒரு பங்கைத் திரும்பச் சாப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டில் பற்றாக்குறை வைத்தால் எடை இறங்கும், ஆனால் தசையும் சேர்ந்து கரையும். எனவே கணக்கு இப்படி: எடையை இறக்குவது சாப்பாடு, இறங்குவது தசையாக இல்லாமல் பார்த்துக்கொள்வது எடை தூக்கும் பயிற்சி.

எங்கிருந்து கரையும் என்பதில் உங்களுக்கு ஓட்டு இல்லை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பு அட்ரினலினுக்குச் சீக்கிரம் இளகும். இடுப்பு, தொடைக் கொழுப்பில் அதைத் தடுக்கும் ஆல்ஃபா-2 ஏற்பிகள் அதிகம், ஆகவே கடைசிவரை அடம்பிடிக்கும். அந்த ஏற்பிகளின் அளவை ஆண்-பெண் ஹார்மோன்களும் பிறவிக் கூறும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நாளுக்கு நூறு முறை வயிற்றுப் பயிற்சி செய்தாலும் வயிற்றுத் தசை வலுப்படுமே தவிர, அதன் மேலிருக்கும் கொழுப்பு தனியாகக் கரையாது.

டேப் வழியைச் சரியாகச் செய்வது

இதில் பெரும்பாலானவர்கள் தவறுவது அளவெடுப்பதில்தான். முதல் இரண்டு வாரத்தை ‘ஆரம்ப நிலை’ என்று வைத்துக்கொண்டு எதையும் மாற்றாமல் அளவு மட்டும் எடுங்கள். காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடாமல் எடை பாருங்கள். தினசரி எண்ணை நம்பாமல் 7 நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். இடுப்பை வாரம் ஒருமுறை: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். இரண்டுக்கும் ஒரு செ.மீ-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. இரண்டு செ.மீ-க்குக் குறைவான மாற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது கையின் பிழையாகவும் இருக்கலாம்.

பிறகு நாளுக்கு 500 கலோரி பற்றாக்குறை, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் (80 கிலோ ஆளுக்கு 96 முதல் 128 கிராம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூடாது), வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. ஒரு கிலோ கொழுப்புத் திசு ஏறக்குறைய 7,700 கலோரி என்பதால் காகிதத்தில் வாரம் 0.45 கிலோ இறங்க வேண்டும். நிஜத்தில் அதைவிடக் குறைவாகவே இறங்கும், ஏனென்றால் உடம்பு இளைக்க இளைக்கச் செலவும் சுருங்குகிறது.

தப்பாகும் இடங்கள் இரண்டு. ஒன்று, லோ-கார்பில் முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியதும் ‘என் ஜீனுக்கு இதுதான்’ என்ற முடிவுக்கு வருவது. தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக உள்ள மாவுச்சத்தான கிளைக்கோஜன் காலியாகும்போது ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் தண்ணீர் வெளியேறுகிறது. போனது தண்ணீர், மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்ததும் வந்துவிடும். ஆகவே டயட் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். மாதவிடாய் உள்ளவர்கள் சுழற்சியின் அதே நாளோடு அதே நாளை ஒப்பிடுங்கள். இரண்டாவது தப்பு, இரண்டு டயட்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கும்போது வரிசையை மறப்பது. முதலில் பிடித்த டயட்தான் எப்போதும் ஜெயித்ததுபோலத் தெரியும். சுலபமான கிலோக்களை அது தின்றுவிடும். இரண்டாவது டயட் வரும்போது நீங்கள் ஏற்கெனவே எடை குறைந்த ஆள். அதனால் எடையோடு பசியையும் குறித்துவையுங்கள்: மாலை 6 மணிக்குப் பசி, பத்துக்கு எத்தனை என்று.

மின்சாரம் பாய்ச்சிக் கொழுப்பு சதவீதம் காட்டும் தராசுகள், உடம்பில் அந்த நேரம் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து எண்ணை மாற்றும். போக்கைப் பார்க்க மட்டும் உதவும். துல்லியம் வேண்டுமென்றால் எக்ஸ்ரே மூலம் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், அதுவும் ஒரே கருவியில், மூன்று மாத இடைவெளியில்.

ரிப்போர்ட்டுக்கு இன்னொரு செலவும் உண்டு

2019-ல் வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்றில் சிலரிடம் அவர்களது உண்மையான வடிவம் எதுவானாலும், ‘உங்கள் எஃப்டிஓ ஜீன் பாதுகாப்பானது’ என்று சொன்னார்கள். அடுத்த சாப்பாட்டுக்குப் பின் அவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வும், அதை உண்டாக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனும் கூடின. இன்னொரு ஜீனைக் காட்டி ‘உங்களுக்கு உடற்பயிற்சித் திறன் குறைவு’ என்று சொல்லப்பட்டவர்கள் டிரெட்மில்லில் முன்னைவிட மோசமாக ஓடினார்கள். பலவீனமான கணிப்பைத் தெரிந்துகொள்வதில் இப்படி ஒரு விலையும் இருக்கிறது.

டேப் தோற்று, ஜீன் ஜெயிக்கும் இடம்

ஐந்து வயதுக்கு முன்பே கடுமையான பருமன், அடங்காத பசி என்றால் கதை வேறு. லெப்டின் (போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்), லெப்டின் ஏற்பி, பிஓஎம்சி, எம்சி4ஆர் போன்ற ஒற்றை ஜீனில் கோளாறு இருக்கலாம். கை கால் மெலிந்து தசை புடைத்துத் தெரிய, கழுத்திலும் வயிற்றிலும் மட்டும் கொழுப்பு சேர்ந்து, இள வயதிலேயே சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் எகிறினால், கொழுப்பு சேர வேண்டிய இடத்தில் சேராத லைப்போடிஸ்ட்ரோஃபி என்ற கோளாறை நினைக்க வேண்டும். இவர்களிடம் டயட்டைக் கூட்டிக் குறைத்துக் காலம் கடத்துவது அநியாயம். தேவையானது எச்சில் கிட் அல்ல, ஹார்மோன் மருத்துவர் எழுதித்தரும் பரிசோதனை. லெப்டினே சுரக்காத குழந்தைகளுக்கு லெப்டின் ஊசி பலன் தருவது 1999-லேயே தெரியும். பிஓஎம்சி, லெப்டின் ஏற்பிக் கோளாறுகளுக்கு செட்மெலனோடைட் என்ற மருந்து 2020-ல் அமெரிக்க அனுமதி பெற்றது.

எம்சி4ஆர் கோளாறுள்ள குழந்தைகளை ஒரு வருட வாழ்க்கைமுறைத் திட்டத்தில் வைத்துப் பார்த்தபோது, மற்றக் குழந்தைகளைப் போலவே இறங்கினார்கள். திட்டம் முடிந்ததும் இறங்கிய எடையைத் தக்கவைக்க முடியவில்லை. சாதாரண ஆளுக்கும் இதன் சிறிய வடிவம் உண்டு: எடை குறையும்போது கொழுப்பு அணுக்கள் சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை, லெப்டின் விழுகிறது, பசி ஹார்மோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே 12 வாரம் முடிந்ததும் டேப்பைப் பெட்டியில் போடாதீர்கள். வாரச் சராசரி குறைந்தபட்ச எடையிலிருந்து 2 கிலோ ஏறினால், அடுத்த திங்கட்கிழமையே பழைய பற்றாக்குறைக்குத் திரும்புங்கள்.