ஸ்னோமொபைல் ஹெல்மெட்: வைசரைக் கடைசியாகப் பாருங்கள்

பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு ஹெல்மெட் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த வைசரில், அதாவது முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில், ஆவி படியாது என்பதைத்தான். பல குளிர்காலங்களாக ஒன்ராறியோவின் ஹலிபேர்ட்டன், மஸ்கோக்கா பக்கத்துத் தடங்களில் ஓடியிருக்கிறேன். வடக்கே கொக்ரேன் வரையும் போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வைசரைக் கடைசியாகப் பாருங்கள். அந்த ஹெல்மெட் உங்கள் மூக்கின் மேலும் கன்னத்திலும் எப்படி உட்காருகிறது என்பதை முதலில் பாருங்கள். தலைக்குச் சரியாகப் பொருந்தாத ஹெல்மெட்டில் எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியைப் பூட்டினாலும் ஆவி படியும். வசதி ஒரு கேள்வி, பார்வை இன்னொரு கேள்வி என்று கடைக்காரர் பிரித்துச் சொல்வார். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றுதான்.

நாம் விடும் மூச்சு ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தோடு, நிறைந்த ஈரத்தோடு வெளியே வருகிறது. வைசரின் வெளிப்பக்கத்தில் -20 பாகைக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. ஒற்றைத் தகடு வைசர் என்றால் அதன் உட்பக்கமும் கிட்டத்தட்ட அதே குளிருக்கு இறங்கிவிடும். மூச்சில் ஒரு சிறு பங்கு மேலே ஏறி அதில் பட்டால் போதும், முதலில் ஆவி, கொஞ்ச நேரத்தில் பனிக்கட்டிப் படலம். ஆவியைத் துடைக்கலாம். உறைந்த படலத்தைச் சுரண்டத்தான் வேண்டும், சுரண்டினால் வைசரின் பொலிகார்பனேற் பிளாஸ்ரிக் கீறுப்படும். வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டலாமே என்றால், தடத்தின் வேக எல்லையான மணிக்கு 50 கிலோமீற்றரில் போனாலே -20 பாகைக் காற்று முகத்துக்கு -35 போல உறைக்கும். அந்தக் காற்றுக்குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைபுண் ஆகலாம். அதனால் வைசரை மூடியபடியே தெளிவாகப் பார்க்க வழி செய்வதுதான் ஒரே வழி.

அதற்கு மூன்று தற்காப்புகள் இருக்கின்றன. மூச்சைக் கண்ணாடிக்குப் போகவிடாமல் தடுப்பது முதலாவது. கண்ணாடியின் உட்பக்கத்தைச் சூடாக வைத்திருப்பது இரண்டாவது. மிஞ்சிய ஈரத்தைக் காற்றால் வெளியேற்றுவது மூன்றாவது. விளம்பரங்களில் பெரிதாகப் போடப்படும் ஆவி படியாத பூச்சு இந்த மூன்றிலும் சேராது. அந்தப் பூச்சு நீரைத் துளியாக நிற்கவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். பூச்சியத்துக்குச் சற்று மேலே உள்ள நாட்களில் அது நல்ல உதவி. -20 பாகையில் அந்தப் படலமும் உறைந்துதான் போகும்.

மூச்சைத் தடுப்பதுதான் மூன்றிலும் பெரியது, அதில்தான் ஹெல்மெட்டுக்கு ஹெல்மெட் வித்தியாசமும் அதிகம். மூக்கையும் வாயையும் மூடி, மூச்சைத் தாடைப் பக்கமாகக் கீழே இறக்கிவிடும் மறைப்பு ஒன்று உள்ளே இருக்கும். நாங்கள் பேச்சில் பிரெத் பொக்ஸ் என்போம். சில ஹெல்மெட்டுகளில் அது கழற்றிப் பூட்டும் துணித் துண்டு. ஸ்கீ-டூ பிராண்டின் பீவி2எஸ் (BV2S) ஹெல்மெட் போன்றவற்றில் அது முகத்தோடு ஒட்டி உட்காரும் முகமூடியாகவே அமைந்திருக்கிறது, மூச்சு பக்கவாட்டு வழிகளால் வெளியே போகிறது. எந்த வகையானாலும் அது உங்கள் மூக்கின் பாலத்தில் இடைவெளி விடாமல் படிய வேண்டும். மூக்கின் இரு பக்கமும் ஒரு சிறிய பள்ளம் இருக்கிறதே, அங்கேதான் மூச்சு நழுவி மேலே போகும். வளைத்து அமர்த்தக்கூடிய மெல்லிய கம்பி தைத்த மறைப்பு என்றால் அந்தப் பள்ளத்தை அடைக்கலாம். எங்கள் குழுவில் ஒரு தம்பி, ஏரிக்கரையில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இன்டர்கொம்மில் "அண்ணை, எனக்கு ஒண்டும் தெரியுதில்லை" என்பான். புது வைசர் வாங்கப் போகிறேன் என்று நின்றவனின் மறைப்பை மூக்குக்கு மேல் இழுத்து அமர்த்திவிட்டேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் பழைய வைசரோடுதான் ஓடினான்.

தாடி வைத்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் கடினம். மறைப்பின் ஓரம் தோலில் படியாமல் மயிரில் நிற்பதால் மூச்சு கசியும். அவர்களுக்கு முகமூடி வகையை விட, மின்சாரச் சூடு உள்ள வைசரே நம்பகமானது. இன்னொரு விஷயம் பலக்லாவா, ஹெல்மெட்டுக்குள்ளே தலையையும் கழுத்தையும் மூடிப் போடும் துணியுறை. தடித்த கம்பளி முகமூடியை வாய்க்கு மேல் இழுத்துக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட்டைப் போடுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அந்தத் துணி மூச்சை முன்னே போகவிடாமல் தடுத்து நேரே கண்ணுக்கு ஏற்றிவிடுகிறது. மெல்லிய மெரினோ கம்பளி அல்லது செயற்கை நூல் பலக்லாவாவைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, மூக்கையும் வாயையும் ஹெல்மெட்டின் மறைப்பிடம் விட்டுவிடுங்கள். பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடையில் போட்டுப் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புருவத்துக்கு ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் மேலே, தலையின் அகலமான இடத்தைச் சுற்றி அளவெடுத்து, அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டுத் தொடங்குங்கள். ஆனால் சுற்றளவு மட்டும் போதாது. ஒரே சுற்றளவில் சிலருக்குத் தலை வட்டமாக இருக்கும், சிலருக்கு முன்பின்னாக நீண்டிருக்கும். நீண்ட தலைக்கு வட்ட வடிவ ஹெல்மெட் போட்டால் நெற்றியின் நடுவில் ஒரு புள்ளியில் அழுத்தும், காதுக்கு மேலே இடம் காலியாக இருக்கும். கடைக்குப் போகும்போது தடத்தில் போடும் அதே பலக்லாவாவை எடுத்துப் போங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். பட்டியை இறுக்கிவிட்டு ஹெல்மெட்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கன்னத் தோலும் கூடவே அசைய வேண்டும். தோல் நிற்க, ஹெல்மெட் மட்டும் திரும்பினால் அது பெரிது.

பிறகு கழற்றாமல் கால் மணி நேரமாவது கடைக்குள் நடவுங்கள். கன்னம் நெரிபடுவது போல இருந்தால் கவலை வேண்டாம். கன்னப் பஞ்சு ஒரு பருவத்துக்குள் அமுங்கிவிடும், பல நிறுவனங்கள் வேறு தடிப்பில் பஞ்சும் விற்கின்றன. நெற்றியில் ஒரு புள்ளி வலித்தால் மட்டும் அந்த ஹெல்மெட்டை வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கெட்டி நுரை அமுங்காது. கடையில் சிறிதாகத் தெரியும் அந்த வலி, இரண்டு மணி நேர ஓட்டத்தின் பின் தாங்க முடியாத தலையிடி ஆகும். வலி தாங்காமல் பட்டியைத் தளர்த்துவோம், ஹெல்மெட் அரை விரல் பின்னே சரியும், மறைப்பு மூக்கை விட்டு விலகும், வைசர் மங்கும்.

கடைசியாக, போட்டபடியே வாயால் நீளமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கடையின் சூட்டில் வைசர் மங்காது, அதனால் ஈரம் எங்கே போகிறது என்பதைக் கண் இமைகளில் உணர வேண்டும். இமையில் வெதுவெதுப்பான காற்றுப் பட்டால் அந்த மறைப்பு உங்கள் முகத்துக்கு உரியதல்ல.

இனி வைசர். நான் இப்போது நீண்ட காலமாகப் பாவிப்பது தாடைப் பகுதியைத் தூக்கித் திறக்கும் மொடியூலர் வகை, மின்சாரச் சூடு உள்ள இரட்டைக் கண்ணாடியோடு. மாதிரிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால் பெயரைச் சொல்வதை விட அமைப்பைச் சொல்கிறேன். இரண்டு தகடுகள், நடுவே அடைக்கப்பட்ட காற்று, நம் வீட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னலைப் போல. அதற்குள் மெல்லிய சூடேற்றும் கம்பிகள். வண்டியின் 12 வோல்ட் மின்சாரம் ஆர்சிஏ (RCA) என்ற உருண்டையான செருகு முனையுள்ள ஒரு வயரால் வருகிறது. புதிய வண்டிகள் பலவற்றில் அந்தத் துளை முன்பலகைப் பக்கம் இருக்கும், பழைய வண்டிக்குத் தனியாகப் பொருத்த வேண்டும். பின்னால் ஒருவரை ஏற்றுகிறவர்கள் பின் ஆசனத்துக்கும் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சூடேற்றும் வைசரை ஆவி படிந்த பிறகு போடக் கூடாது. வண்டியைக் கிளப்பியதும் போட்டுவிட வேண்டும், படிந்து உறைந்த பின் அது உருக்கி முடிக்க நேரம் எடுக்கும். இந்த வகையில் முதலில் பழுதாவது வயர்தான். மேடு பள்ளத்தில் எழுந்து நிற்கும்போது வயர் இழுபட்டு, முனையில் உள்ளே அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஜக்கெற்றுக்குள்ளால் விட்டு, கழுத்தருகே ஒரு வளையம் தளர்வாக விட்டால் நீண்ட காலம் உழைக்கும். நான் எப்போதும் ஒரு மேலதிக வயரைப் பையில் வைத்திருக்கிறேன். இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஈரம் புகுந்து புள்ளிகளாகத் தெரியத் தொடங்கினால் திருத்த முடியாது, வைசரையே மாற்ற வேண்டும். அதன் விலை நூறு டொலரைத் தாண்டும். ஹெல்மெட் வாங்கும் முன்பே மாற்று வைசர் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

சூடு இருந்தும் மங்கும் நாட்கள் உண்டு. என் கணிப்பில் மிகக் கடினமான நாள் -25 பாகை நாள் அல்ல, பூச்சியத்தை ஒட்டி ஈரப்பனி கொட்டும் நாள்தான். அன்று உடம்பு வேர்க்கும், வெளிக்காற்றே ஈரமாக இருக்கும், உள்ளே போகும் காற்றாலும் காய்ந்து வராது. அப்படியான நாளில் தாடைத் துவாரத்தைத் திறந்து, வைசரையும் ஒரு பல் அளவு திறந்துவிட்டு ஓடுகிறேன். கடுங்குளிரிலும் துவாரங்களை முழுவதும் அடைப்பதில்லை. வண்டியின் காற்றுத்தடுப்புக் கண்ணாடி உயரமாக இருந்தால் ஹெல்மெட்டின் துவாரங்களுக்குக் காற்றே வராது. சுகமாக இருக்கும், மங்கவும் மங்கும். இதை ஏனோ யாரும் விற்கும்போது சொல்வதில்லை. முன்னே போகும் வண்டி கிளப்பும் பனித்தூளும் துவாரங்களை அடைக்கும், நல்ல இடைவெளி விட்டு ஓடுங்கள்.

என் மனைவி மூக்குக்கண்ணாடி போடுகிறவர். அவருக்கு மொடியூலரைத் தவிர வேறு எதுவும் ஒத்துவரவில்லை. தாடைப் பகுதியைத் தூக்கிவிட்டுக் கண்ணாடியை மாட்டி, பிறகு மூடலாம். சூடேற்றும் வைசர் அதன் பின்னால் இருக்கும் மூக்குக்கண்ணாடியை நேரடியாகச் சூடாக்காது என்பதால், இவர்களுக்கு மூக்கு மறைப்பு இன்னும் முக்கியம். கண்ணாடிக் கால்கள் காதுக்கு மேலே அழுத்தாதிருக்க, பஞ்சில் அதற்கென்று வெட்டிய பள்ளம் உள்ள மாதிரியைத் தேடி எடுத்தோம்.

வைசர் இல்லாமல், கண்ணை மட்டும் மூடும் கொகிள்ஸோடு போடும் ஸ்னோகுரொஸ் வகையையும் சில பருவம் பாவித்தேன். ஆழமான புதுப்பனியில், நின்றபடியே வண்டியைச் சாய்த்துத் திருப்பி வேலை செய்கிறவர்களுக்கு அது நல்லது. பாரம் குறைவு, காற்று நன்றாக ஓடும். அங்கே கண்ணும் மூச்சும் தனித்தனி அறையில் இருப்பதால் ஆவி குறைவு. ஆனால் கொகிள்ஸின் நுரை ஒரு முறை நனைந்தால் அன்று முழுவதும் மங்கல்தான், மேலதிகமாக ஒன்றைக் காயவைத்து மடியில் கொண்டுபோக வேண்டும். ஏரியைக் கடக்கும் நீண்ட நேர்த்தடத்தில் அதன் முன்கூரை காற்றைப் பிடித்துக் கழுத்தை இழுக்கும். தடத்திலேயே ஓடும் எங்களைப் போன்றவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நிறம் பற்றிச் சுருக்கமாக: வைசர் நிறமற்றதாக இருக்கட்டும், உள்ளே இறக்கும் வெயில் தகடு இருந்தால் போதும். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது, மான்கள் தடத்துக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி மேடு பள்ளம் தெரியாத முகில் நாட்களுக்கு மஞ்சள் தகடு உதவும்.

பராமரிப்பில் நான் கண்டிப்பாக இருக்கிற ஒன்று, ஹெல்மெட்டை இரவில் ட்ரக்கிலோ ட்ரெயிலரிலோ விடுவதில்லை. பகலில் பஞ்சு உறிஞ்சிய வேர்வையும் மூச்சும் இரவில் உள்ளேயே உறைந்திருக்கும். காலையில் தலைச்சூட்டில் அது உருகி ஆவியாகும்போது போவதற்கு இருக்கும் ஒரே இடம் வைசர். அறைக்குள் கொண்டுபோய், மூச்சு மறைப்பைக் கழற்றி, தானாகக் காயவிடுங்கள். ஹீற்றருக்கு மேலே வைக்க வேண்டாம். பெற்றோல் கான்களுக்குப் பக்கத்திலும் வேண்டாம், அதன் ஆவி நுரைக்கும் கண்ணாடிக்கும் கூடாது. வைசரின் உட்பக்கத்தை வெதுவெதுப்பான நீரும் மைக்ரோஃபைபர் துணியும் தவிர வேறு எதனாலும் தொடாதீர்கள். கடதாசித் துவாய் பூச்சைச் சுரண்டிவிடும்.

பாதுகாப்பு முத்திரையைக் கட்டாயம் பாருங்கள்: டிஓடி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரம்), ஸ்னெல் (ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் அமெரிக்க அமைப்பு), அல்லது ஈசிஈ 22.06 (ஐரோப்பியத் தரம்). ஒன்ராறியோவில் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். பட்டியும் தாடைக்குக் கீழே பூட்டியிருக்க வேண்டும். கையுறையோடு திறந்து பூட்டக்கூடிய கொளுவியா என்று கடையிலேயே சோதியுங்கள். -20 பாகையில் வெறும் விரலால் இரட்டை வளையத்துக்குள் பட்டியை நுழைப்பது வேதனை. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும். அடிபடாததையும் 5 வருடத்தில் மாற்றச் சொல்கிறது ஸ்னெல்.

என்னுடையது அந்த எல்லையை நெருங்குகிறது. அடுத்ததும் மின்சார வைசர் மொடியூலராகத்தான் இருக்கும். முகமூடி வகையின் மூச்சுத் தடுப்பு இதை விட மேல் என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இடைநிறுத்தத்தில் தாடையைத் தூக்கிவிட்டு ஒரு கோப்பை தேநீர் குடிக்கவும், ஆட்களோடு கதைக்கவும் முடிவது எனக்கு முக்கியம். தனியாக, நிற்காமல், கடுங்குளிரில் நீண்ட தூரம் ஓடுகிறவர் என்றால் முகமூடி வகையை முதலில் போட்டுப் பாருங்கள். பருவம் தொடங்கும் முன், செப்ரெம்பர், ஒக்ரோபரிலேயே கடைக்குப் போனால் எல்லா அளவும் இருக்கும், கால் மணி நேரம் போட்டபடி நடக்கவும் விடுவார்கள்.