செராய்த் தொட்டியும் வேப்பெண்ணெயும்: தெம்பனிஸ் வீட்டில் ஐந்து வருட அனுபவம்

2020இல் சிங்கப்பூரில் டெங்கி வந்தவர்கள் 35,000ஐத் தாண்டினார்கள். எங்கள் புளோக்கின் கீழே டெங்கி எச்சரிக்கைச் சிவப்புப் பதாகை தொங்கிக்கொண்டிருந்தது. கொரோனாவால் எல்லாரும் வீட்டுக்குள், டெங்கியைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவோ பகலில் கடிக்கிற ஜாதி. மகனுக்கு அப்போது இரண்டு வயது. கொசுவர்த்திச் சுருள் ஏற்றினால் இருமியே தூங்க மாட்டான். அப்படித்தான் மூலிகையால் கொசு விரட்டுகிற இந்த வேலையில் இறங்கினேன்.

"வேப்பெண்ணெய் விளக்கு ஏத்துடி, ஒரு கொசு அண்டாது" என்றார் அம்மா. ஒரு வாரம் ஏற்றினேன். சோபா வரைக்கும் நாற்றம். கொசுக்கள் விளக்கை விட்டுத் தள்ளிப் போனது உண்மைதான். போன இடம் சாப்பாட்டு மேசைக்கு அடியில், எங்கள் கணுக்காலுக்குப் பக்கத்தில்.

அடுத்தது சிட்ரோனெல்லா. தேய்த்தால் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். சீக்கிரம் ஆவியாகிற எண்ணெய் அது. வாசனை நம் மூக்கில் மிச்சமிருக்கும்போதே கொசு வேலையை ஆரம்பித்துவிடும். மகனுக்குக் கைப்பட்டையும் வாங்கிப் போட்டேன். மணிக்கட்டு தப்பியது, முழங்கை தப்பவில்லை.

எதிர்வீட்டு மக்சிக், அதாவது மலாய் அத்தை, ஒரு கொத்து செராய் கொடுத்தார். நம் எலுமிச்சைப் புல்தான் அது. அது வாசலில் இருந்தால் கொசு வராது என்று நானும் நம்பித்தான் தாழ்வாரத்தில் தொட்டி வைத்தேன். ஆனால் செடி சும்மா நின்றால் ஒன்றும் நடக்காது. இலையைக் கசக்கினால்தான் எண்ணெயே வெளியே வரும். ஒரு நாள் தொட்டியைத் துடைக்கத் தூக்கினால், அடித்தட்டில் தேங்கிய விரற்கடைத் தண்ணீரில் என்னவோ நெளிந்தது. கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாலை மட்டும் மேலே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தன கொசுப் புழுக்கள். கொசுவை விரட்ட வைத்த செடிக்கு அடியிலேயே! சுற்றுப்புற வாரிய அதிகாரி பார்த்திருந்தால் 200 வெள்ளி அபராதம்.

தட்டை அன்றே தூக்கிப் போட்டேன். போடுவதற்கு முன், ஆர்வம் விடாமல், பத்துப் பதினைந்து புழுக்களை இரண்டு ஜாம் போத்தல்களில் பிரித்து, மூடியை இறுக்கி வைத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் வேப்பெண்ணெய்க் கலவை: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு. திரவம் சேர்க்காவிட்டால் எண்ணெய் மேலேயே மிதக்கும்.

முதல் நாள் இரண்டு போத்தலிலும் நெளிசல்தான். அம்மா வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நான்காம் நாள் வெறும் தண்ணீரில் இருந்தவை காற்புள்ளி மாதிரிச் சுருண்டு கூட்டுப்புழு ஆகியிருந்தன. வேப்பெண்ணெயில் பாதி செத்திருந்தது, மீதி புழுவாகவே கிடந்தது. வேம்பில் இருக்கிற அசாடிராக்டின் பூச்சி தோலுரித்து வளர்வதைக் குலைக்கும், உடனே கொல்லாது. எண்ணெய்ப் படலம் மூச்சை அடைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஜாம் போத்தல் சோதனைக்கு அதற்கு மேல் மரியாதை கொடுக்க வேண்டாம். இரண்டிலும் கொதிநீரை ஊற்றிக் கதையை முடித்தேன்.

அப்புறம்தான் வேப்பெண்ணெயை எங்கே வைக்க வேண்டும் என்று புரிந்தது. அதை வைத்து வளர்ந்த கொசுவை விரட்டப் போனால் ஏமாற்றம்தான். கவிழ்த்துக் கொட்ட முடியாத தண்ணீருக்குத்தான் அது சரி. என்னிடம் அன்னாசி இனத்து அழகுச்செடி ஒன்று இருக்கிறது, இலை இடுக்கெல்லாம் குட்டிக் குட்டிக் குளம். அதில் வாரம் ஒருமுறை பீய்ச்சுகிறேன். வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும், அதனால் விட்டுவிட்டு அடித்தால் பயனில்லை. ஒருமுறை நண்பகலில் அடித்து மணிபிளாண்ட் இலைகள் கருகின. அதிலிருந்து சாயங்காலம்தான். இன்னொன்று, போத்தலை ஏர்கான் அறையில் வைத்தால் எண்ணெய் நெய் மாதிரி உறைந்துவிடும்.

தோலில் பூச எனக்குப் பலித்தது எலுமிச்சை யூகலிப்டஸ் கலவை மட்டும். வெறும் வாசனை எண்ணெய் இல்லை. லேபிளில் பிஎம்டி என்று, கொசுவை விரட்டுகிற பொருளின் பெயர் போட்டிருக்கும். கீழே திடலில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தாலும் கடி குறைவு. மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்குப் பூசக்கூடாது, அதனால் மகனுக்கு ஒரு வருடம் வலைதான்.

இதற்கிடையில் எங்கள் பேட்டையில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆண் கொசுக்களை விட ஆரம்பித்தார்கள். அவை கடிக்காது, அவற்றோடு சேர்ந்த பெண் கொசு இடும் முட்டை பொரிக்காது. எங்கள் வீட்டில் கொசு குறைந்ததில் என் வேப்பெண்ணெய்க்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வேன். மின்மட்டையைக் கையில் எடுத்தால் மட்டும் மகன் கத்துவான்: "அம்மா, அது நல்ல கொசு!"

செராய் இப்போதும் வாசலில் இருக்கிறது, தட்டு இல்லாமல். வாரத்துக்கு இரண்டு தண்டு தேநீருக்குப் போகிறது.