கியூ ஸ்டிக்கைப் படம் பிடிக்கக் கொடுக்கும் முன்

கொழிஞ்சாம்பாறையில் நான் நடத்திவந்த பில்லியர்ட்ஸ் கூடத்தை மூடிவிட்டேன். மேசைகள் இரண்டும் உடனே கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போய்விட்டன. மிஞ்சியவை எட்டு கியூக்கள், அதாவது பந்தை அடிக்கும் நீளக் கோல்கள்: எட்டுப் பந்து ஆட்டத்துக்கான ஆறு மேப்பிள் மரக் கியூ, ஸ்னூக்கருக்கான இரண்டு ஆஷ் மரக் கியூ. ஆன்லைனில் போட்டால் நல்ல விலை கிடைக்கும் என்றார்கள். செல்போனில் நானே எடுத்த படங்களில் கியூ நூல் போலத் தெரிந்தது. தெரியாமல் என்ன செய்யும்? கிட்டத்தட்ட 147 செ.மீ. நீளம், முனையில் அதிகம் போனால் 13 மி.மீ. கனம். ஒரே படத்துக்குள் அடக்கினால் துடைப்பக்குச்சிதான்.

அதனால்தான் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். பெயர் இங்கே வேண்டாம். "ஆன்லைன் விற்பனைக்கென்றே தனி லைட் வைத்திருக்கிறேன் அண்ணா, மூன்றே நாள்" என்றார் ஸ்டூடியோக்காரர். ஒரு கியூவுக்கு 500 ரூபாய், மொத்தம் 4,000. பாதியை யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "நமக்குள் எதற்கு அண்ணா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் என் முதல் தவறு.

மூன்று நாள் பத்தொன்பது நாள் ஆனது. ஆனி மாதம், கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் காலம். கியூக்களை உறையிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்தே வைத்திருந்தார். திரும்பி வந்தவற்றில் ஒரு மேப்பிளை மேசையில் உருட்டினால் நுனி எழுந்து எழுந்து விழுகிறது. கொடுக்கும்போது நேராக இருந்தது என்று சொன்னால், "முன்பே அப்படித்தான் இருந்தது" என்கிறார். கொடுப்பதற்கு முன் நான் ஒரு படமாவது எடுத்து வைத்திருந்தால் வாயை அடைத்திருக்கலாம். படம் பிடிக்கக் கொடுக்கும் பொருளை எவன் முதலில் படம் பிடிப்பான் என்று அப்போது நினைத்தேன்.

படங்களைப் பார்த்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கே பிடித்துப்போயிற்று. மீதி 2,000 ரூபாயையும் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போன்ற பளபளப்பு. ஆஷ் கியூ ஒன்று இரண்டே நாளில் விலை போயிற்று. வாங்கியவர் பொள்ளாச்சிக்காரர், வயதானவர். பிவிசி குழாயில் போட்டுப் பத்திரமாக அனுப்பினேன். பார்சல் சேர்ந்த மாலையே அழைத்தார்.

"தம்பி, இதை நான் திருப்பி அனுப்புகிறேன். படத்தில் இருக்கிற ஸ்டிக்கை எனக்கு அனுப்புங்கள்."

நுனியில் இருக்கும் பித்தளைப் பூணான ஃபெரூலுக்குக் கீழே மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. எனக்குத் தெரியும். எல்லாமும் படத்தில் இருக்கிறதே என்று விளம்பரத்தில் அதைத் தனியாக எழுதவில்லை. படத்தில் அது இல்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் பருவை அழிப்பது போல விரிசலை ஸ்டூடியோக்காரர் அழித்திருக்கிறார். அதோடு நின்றாரா? ஆஷ் கட்டையில் அம்புமுனை போல அடுக்கடுக்காக வரிகள் ஓடும். விவரம் தெரிந்தவர்கள் அவை சீராக இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அவருக்கு அவை அழுக்காகத் தெரிந்திருக்கின்றன, முழுவதையும் தேய்த்து மழுப்பிவிட்டார். கையால் இழைத்த அடிப்பிடியில் நான்கு மர முனைகளும் ஒரு நெல்லளவு முன்பின்னாக இருக்கும், கைவேலைக்கு அதுதான் அடையாளம். நல்ல முனை ஒன்றை நகலெடுத்து நான்கு இடத்திலும் ஒட்டியிருக்கிறார்! குறையையும் அழித்து, விலைமதிப்பையும் அழித்து, என்னை ஏமாற்றுக்காரனாக நிறுத்திவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பக்க கூரியர் செலவும் என் தலையில்.

திருத்தாத படங்களைக் கேட்டேன். "அதெல்லாம் அழித்துவிட்டேன் அண்ணா." இனி யாரிடம் கொடுத்தாலும் திருத்தாத படங்களும் வேண்டும் என்று முதலிலேயே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். தயங்கினால் அங்கேயே கியூவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கும் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாத எனக்கு யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் பேச்சும்தான் துணை.

மற்ற கியூக்களை நானே எடுத்தேன். வெயில் விழாத திண்ணையில் வெள்ளை வேட்டி விரித்தேன். முதலில் ஒரு பச்சைத் துணிமேல் வைத்துப் பார்த்தேன், மரமே பச்சையடித்தது. ஃபிளாஷ் போட்டால் வார்னிஷில் வெள்ளைக் கோடு விழுகிறது. பக்கத்தில் நின்று எடுத்தால் ஓரத்தில் இருக்கும் நேரான கியூகூட வில்லாகத் தெரியும். தள்ளி நின்று, ஜூம் செய்து, படத்தின் நடுவில் வரும்படி எடுக்க வேண்டும். முழு நீளம் ஒரு படம் போதும். பிறகு டிப், ஃபெரூல், ஜாயின்ட் திருகு, அடிப்பிடியின் முனைகள் என்று ஒவ்வொன்றாகக் கிட்டத்தில். கீறல் இருந்தால் அதற்குத் தனிப் படம், விரல் வைத்துக் காட்டி. தராசில் வைத்து எடையோடு ஒன்று. கடைசியாக மேசையில் உருட்டி ஒரு வீடியோ.

வளைந்த மேப்பிளையும் அப்படியே உருட்டிக் காட்டினேன். பாதி விலைக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். விரிசல் விட்ட ஆஷ் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

போன வாரம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். ஸ்டூடியோ கண்ணாடியில் பெரிய போஸ்டர், "விற்பனைப் பொருட்கள் படம் பிடித்துத் தரப்படும்" என்று. நடுவில் வரியே இல்லாத ஒரு ஆஷ் கியூ பளபளக்கிறது. அது என்னுடையது.