கடற்கரையில் படம் போட ஒரு வாடகைச் செற்: உப்புவெளி மணலுக்கு அது தாங்குமா?

திருகோணமலையில், உப்புவெளிக் கடற்கரை போன்ற இடத்தில், சூழல் படம் ஒன்றைத் திறந்தவெளியில் போட நினைக்கும் சனசமூக நிலையமோ இளைஞர் கழகமோ முதலில் போய் நிற்பது, கல்யாணவீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் சவுண்ட் செற் கொடுக்கும் கடையில்தான். அப்படியான ஒரு கடை ஒரு மாலைக்கு வாடகைக்குத் தரும் ‘திரையிடல் செற்’ பற்றிய மதிப்பீடு இது. கடையின் பெயர் தேவையில்லை. நீங்கள் வேறு கடையில் எடுத்தாலும் கையில் கிடைப்பது அநேகமாக இதே சாமான்கள்தான்: 3000 லுமன் புரொஜெக்டர், 12 அடிக்கு 7 அடி துணித்திரை, அதற்கான இரும்புக் குழாய்ச் சட்டம், 12 அங்குல பவர் ஸ்பீக்கர் இரண்டு, சின்ன மிக்ஸர், வயரில்லாத மைக் இரண்டு, 2 கேவிஏ பெற்றோல் ஜெனரேற்றர், கூடவே ஓர் ஆள்.

சுருக்கமாகச் சொன்னால் புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் நம்பி எடுக்கலாம். சட்டமும் ஜெனரேற்றரும் மண்டபத்துக்கும் முற்றத்துக்கும் என்று அமைந்தவை. கடற்கரைக்கு அப்படியே கொண்டுபோனால் அரைவாசிப் படத்தில் கூட்டம் கலையும். படம் ஒழுங்காக ஓடினால்தான் மறுநாள் காலை கரையில் நடக்கும் சிரமதானத்துக்கு ஆள் வரும் என்பதால், இந்தக் குறைகளைச் சின்ன விஷயம் என்று விட முடியாது.

சட்டத்தில் தொடங்குவோம், ஏனென்றால் ஆபத்து அங்கேதான். திரையின் பரப்பு ஏறக்குறைய 7.8 சதுர மீற்றர். காற்று மணிக்கு 15 கிலோமீற்றரில் நேரே அடித்தால் துணியின் மேல் விழும் விசை கிட்டத்தட்ட 10 கிலோ எடைக்குச் சமம். அதே காற்று 30 கிலோமீற்றருக்கு ஏறினால் அது 20 ஆகாது, 40 கிலோ அளவுக்குப் போகும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. கடை தரும் சட்டத்துக்கு நான்கு கால்களும் இரண்டு கயிறுகளும் மட்டும்தான். கூடவே தரும் இரும்பு முளைகள் காய்ந்த மணலில் வெண்ணெயில் ஊசி இறங்குவதுபோல இறங்கி, அதே சுகத்தோடு வெளியேயும் வந்துவிடும்.

செய்ய வேண்டியது: வெறும் உரப்பை எட்டு எடுத்து ஒவ்வொன்றிலும் பாதிக்கு மணல் நிரப்புங்கள். பாதி நிரப்பிய பை 30 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம். சட்டத்தின் மேல் மூலைகளிலிருந்து முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு என நான்கு கயிறுகளை 45 பாகைச் சரிவில் இறக்கி, ஒவ்வொரு கயிற்றையும் இரண்டு பைகளோடு கட்டி, பைகளை ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். திரையைச் சட்டத்தில் கட்ட நைலோன் கயிறு வேண்டாம். பழைய சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டிக் கட்டினால், காற்று உந்தும்போது துணி கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திரும்பும், கண்ணிகள் கிழியாது. கீழ் விளிம்பில் ஒன்றுவிட்டு ஒரு கட்டை அவிழ்த்து வைத்தால் பலத்த காற்றுக்கு வழி கிடைக்கும். சுருக்கம் தெரியும்தான், ஆனால் திரை நிற்கும்.

எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பதும் காற்றைப் பொறுத்தது. யூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கும். கரையோ ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. திரையைக் கரைக்குக் குறுக்கே, தரைப் பக்கமும் கடல் பக்கமும் விளிம்புகள் வரும்படி நிறுத்தினால், காற்று பெரும்பாலும் விளிம்பில் பட்டுச் சறுக்கிப் போகும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. புரொஜெக்டரின் வெள்ளை ஒளி கடலை நோக்கிப் பாயாது, குடியிருப்புப் பக்கமும் போகாது. கரையேறும் ஆமைகளையும் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளையும் செயற்கை ஒளி திசை தவற வைக்கும். சூழல் படம் காட்டப் போய் அந்தத் தவறைச் செய்யக் கூடாது. ஒக்ரோபர் கடைசியிலிருந்து சனவரி வரை வாடை மழைக்காலம். அப்போது திறந்தவெளி வேண்டாம், பாடசாலை மண்டபமே போதும்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது கரைவலைக்காரரைக் கேட்காமல் ஒரு முளையும் அடிக்காதீர்கள். வெறுமையாகக் கிடக்கும் மணல்போலத் தெரிவது யாரோ ஒருவரின் பாடாக, அதாவது வலை இழுக்கும் இடமாக, இருக்கும். அவர்கள் படம் பார்க்கவும் வரவேண்டியவர்கள். கடலில் என்ன மிதக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

புரொஜெக்டர் நல்லது. 3000 லுமனை இந்தத் திரையில் பரப்பினால் சதுர மீற்றருக்கு 380 லுமன் அளவில் விழும். பழைய விளக்காக இருந்து பாதியாகக் குறைந்தாலும் இருட்டில் படம் தெளிவாக இருக்கும். ஆனால் இருட்டு வேண்டும். யூலையில் சூரியன் ஆறரை மணியளவில் மறைகிறது, ஏழு மணிக்கு முன் தொடங்கினால் நிறமெல்லாம் வெளிறிப் போகும். போயா நிலவு படத்தைக் கெடுக்கும் என்று பலர் திகதியை மாற்றுகிறார்கள். அதற்கு அவசியமில்லை: முழு நிலவின் ஒளி சதுர மீற்றருக்கு 0.3 லுமனுக்கு மேல் வராது. பக்கத்தில் எரியும் ஒரு எல்ஈடி வீதி விளக்கு அதைவிடப் பல மடங்கு கெடுதல். நிலவை விட்டுவிட்டு விளக்குக் கம்பத்தைப் பாருங்கள்.

குளிரூட்டிய வாகனத்தில் வந்த புரொஜெக்டரைக் கடற்கரையில் திறந்த உடனே கண்ணாடியில் ஆவி படியும். துணியால் துடைத்தால் கீறல் விழும். அரை மணி நேரம் முன்பே பெட்டியைத் திறந்து வைத்தால் அது தானாகப் போய்விடும். மேசை மூன்று அடி உயரமாவது இருக்கட்டும், கீழே தறப்பாள் விரியுங்கள். குளிரூட்டும் விசிறி கீழேயிருக்கும் நுண்மணலை உறிஞ்சினால் வடிகட்டி அடைத்து, சூடேறி, நடுவில் தானாக நிற்கும். சரிந்த படத்தைக் கீஸ்ரோன் பட்டனால் நேராக்குவதை விட மேசையை நகர்த்தி நேராக்குங்கள். பட்டன் படத்தின் கூர்மையையும் வெளிச்சத்தையும் கொஞ்சம் தின்றுவிடும். ஒருமுறை கூர்மை பார்த்தது போதாது, கால் மணி நேரம் சூடேறிய பின் இன்னொருமுறை பார்க்க வேண்டும்.

இனி, கடைக்காரர் சொல்லாத ஒன்று. தமிழ் சப்ரைற்றில். கடையின் ஆள் பென் டிரைவைப் புரொஜெக்டரின் பின்னால் குத்திப் படத்தை ஓட்டிவிடுவார். புரொஜெக்டருக்குள் இருக்கும் பிளேயருக்குப் பெரும்பாலும் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. ஒன்றில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக வரும். அல்லது எழுத்து வரும், ஆனால் கொம்பு இடம் மாறும்: ‘கெடுதல்’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சிறுவர்கள் சத்தமாக வாசித்துச் சிரிப்பார்கள், படம் அங்கேயே தோற்றுவிடும். ஆகவே லப்ரொப்பிலிருந்துதான் ஓட்ட வேண்டும். மொழிபெயர்த்தவர் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் திரையில் ஆங்கில எழுத்துக் குழம்புதான் வரும். யுனிகோட்டுக்கு மாற்றி, முழுப் படத்தையும் ஒருமுறை வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். எழுத்தின் உயரம் படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. பாயில் இருப்பவர்களுக்குத் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அடியிலும், கதிரை போட்டால் 5 அடியிலும் இருக்கட்டும். இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் வசனத்தை மறைக்கும். சிங்களம் பேசுவோரும் வரும் இடமென்றால் இரண்டு மொழி வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடலாம், ஆனால் ஒரு மொழிக்கு ஒரு வரிதான்.

எச்டிஎம்ஐ கேபிள் 10 மீற்றரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரலாம். லப்ரொப் புரொஜெக்டரின் பக்கத்திலேயே இருக்கட்டும், சத்தத்தை மட்டும் நீள வயரில் ஸ்பீக்கருக்குக் கொண்டுபோங்கள். ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்டால் லப்ரொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் பூமி இணைப்பில் இருக்கிறது. பற்றரியில் ஓட்டியே படத்தை முடிக்கலாம்.

ஸ்பீக்கர்கள் தாராளம். 150 பேர் வரை கவலையில்லை. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி முன்கூட்டி எடுக்க வேண்டும், பொதுவாக இரவு 10 மணிக்கு மேல் அனுமதி கிடையாது. ஒன்பது மணிக்குள் முடிப்பதுதான் எல்லா வகையிலும் நல்லது. பெண்களும் பிள்ளைகளும் வீடு போய்ச் சேர வேண்டும்.

ஜெனரேற்றருக்கு எங்கள் பரிந்துரை: வேண்டாம் என்று சொல்லி, அந்தக் காசைக் கழித்துக் கேளுங்கள். திறந்த சட்ட வகை என்பதால் சத்தம் படத்தின் மென்மையான இடங்களை விழுங்குகிறது. அதோடு மின்னழுத்தம் ஏறி இறங்குவது புரொஜெக்டருக்கு நல்லதில்லை. பெற்றோல் தீர்ந்து திடீரென நின்றால் சூடான விளக்கைக் குளிரவைக்க விசிறியும் இருக்காது. இதனால் விளக்கின் ஆயுள் குறையலாம். உண்மையில் தேவைப்படும் மின்சாரம் அதிகமில்லை: புரொஜெக்டர் 300 வாற், ஸ்பீக்கர்கள் சராசரியாக 100, லப்ரொப் 60, வழிவிளக்கு 20. மொத்தம் 500 வாற்றுக்குள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிற். பக்கத்துச் சனசமூக நிலையத்திலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில், 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விச் வழியாக எடுத்தால் முடிந்தது. அந்த ஸ்விச் இல்லாமல் ஈரமணலில் வயர் போடவே கூடாது. வாகன வகை 100 அம்பியர்-மணி பற்றரி ஒன்று போதும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். ஏட்டில் அது 1200 வாற்-மணி, ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரி கெடும். இரண்டு வேண்டும். ஜெனரேற்றர்தான் வழி என்றால் 30 மீற்றர் தள்ளி, காற்று போகும் திசையில், ஒரு சுவருக்குப் பின்னால் வையுங்கள். படம் தொடங்குமுன் தாங்கியை நிரப்புங்கள்.

செற்றோடு ‘இலவசமாக’ ஒரு பிளெக்ஸ் பனரும் அடித்துத் தருகிறார்கள். மறுத்துவிடுங்கள். ஒரு நாள் அறிவித்தலுக்கு அடித்த பிவிசி விரிப்பு, மறுநாள் நாம் பொறுக்கும் சாமான்களோடுதான் போய்ச் சேரும். பழைய வேட்டியில் தீந்தை பூசினால் அழகாகவும் இருக்கும், அடுத்த முறைக்கும் உதவும். தேநீருக்கு வீட்டிலிருந்து கோப்பை கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் எல்லாம் 2023 ஒக்ரோபர் முதல் இலங்கையில் தடை. கொறிக்க, கடதாசிச் சுருளில் கச்சான் கடலை இருக்கவே இருக்கிறது.

படத்தின் திரையிடல் உரிமையைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுச் சந்தாவில் வரும் படத்தைப் பொதுவில் போட அது அனுமதியாகாது. நீளம் 45 நிமிடத்துக்குள் இருக்கட்டும். அதற்கு முன், அதே வாரம் அதே கரையில் போனில் எடுத்த ஐந்து நிமிடக் காட்சி: ஆற்று வாயில் சிக்கிய சொப்பின் பாக், கோட்டைப் பக்கம் பொலித்தீனை மெல்லும் புள்ளிமான். திருகோணமலைச் சனத்துக்கு மானைக் காட்டிவிட்டு வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சிரமதானத்துக்கான பெயர்ப் பதிவு படம் முடிந்த பின் என்றால் நடக்காது. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் சனம் செருப்பைத் தேடும். நடுவில், இருபதாவது நிமிடத்தில், ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அப்போது தாள் வரிசை வரிசையாகப் போகட்டும். தாளில் இடம், காலை 6.30, கொண்டுவர வேண்டியது என்று மூன்று வரி போதும்.

எந்த வேலைக்குக் கூப்பிடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கண்டல் நடுவது படத்துக்கு அழகு. ஆனால் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் நட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. எப்போதும் நீர் நிற்கும் தாழ்வான இடத்தில் நட்டார்கள், பொருந்தாத இனத்தை நட்டார்கள், மாடு மேய்வதைத் தடுக்கவில்லை, பிறகு போய்ப் பார்க்கவுமில்லை. கடல்நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைந்த நம் கரையில் அரை அடி தவறினாலே செடி அழுகும். தெரிந்தவர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். நிலாவெளியில் பவளப்பாறைப் படம் போட்டால், 2003 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் புறாமலைத் தீவுக்கு ஆள் ஏற்றும் படகுக்காரர் முன்வரிசையில் இருக்க வேண்டும். பவளத்தின் மேல் காலூன்றாதே என்று பயணிக்குச் சொல்லப்போவது அவர்கள்தான்.

குப்பை பொறுக்குவதென்றால் நான்கு பேருக்கு 100 மீற்றர். பிளாஸ்ரிக் போத்தல், பொலித்தீன், றெஜிபோம், வலைத் துண்டு என்று தனித்தனிச் சாக்கு. கண்ணாடிக்குச் சாக்கு வேண்டாம், வாளி. கடற்பாசியையும் மிதந்துவந்த மரத்தையும் விட்டுவிடுங்கள், அவை கரைக்கு உரியவை. மணலை உதறிவிட்டு நிறுங்கள், இல்லையென்றால் மணலின் எடைதான் பதிவாகும். புதைந்த வலையை இழுக்காமல் வெளியே தெரியும் அளவில் வெட்டுங்கள். ஒன்பது மணிக்கு மணல் சுடும், அதற்குள் முடிந்துவிட வேண்டும்.

உள்ளூராட்சிச் சபையின் ட்ரக்டர் எத்தனை மணிக்கு வரும் என்பது திரையிடலுக்கு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். வீதியோரம் அடுக்கிவிட்டுப் போன சாக்கை மாலைக்குள் நாயும் மாடும் மானும் கிழித்துவிடும். எடைக் கணக்கைத் தாளில் எழுதி, படம் எடுத்து வையுங்கள். அடுத்த திரையிடலில் முதலில் திரைக்கு வர வேண்டியது அந்தத் தாள்தான்: எந்த இடம், எத்தனை கிலோ, ட்ரக்டர் ஏற்றிப்போன நேரம்.