ஒரு ஆளுக்கும் சாப்பாடு தரும் திருநகர் எடுப்புக்கடை

மதுரை திருநகரில் பெயர்ப்பலகை எதுவும் இல்லாமல், வீட்டின் பின்கட்டிலேயே ஓர் அம்மா எடுப்புச் சாப்பாடு, அதாவது கேரியரில் வீட்டுக்கு அனுப்பும் சாப்பாடு, நடத்துகிறார். தனியாக இருக்கும் வயதானவர்கள் யோசிக்காமல் சேரலாம்.

முதல் காரணம், ஒரு ஆளுக்கும் தருகிறார்கள். மற்ற மெஸ்களில் விசாரித்தபோது மாதக் கணக்கு என்றால் இரண்டு பேருக்காவது எடுக்க வேண்டும் என்றார்கள். இங்கே ஒரு கரண்டி சோறு போதும் என்றாலும் முகம் சுளிப்பதில்லை. மதியம் 80 ரூபாய்: சோறு, குழம்பு, ரசம், கூட்டு அல்லது பொரியல், மோர். சோறு குழைவாக வேண்டுமா, உதிரியாகவா என்று சேரும்போதே கேட்டு, கேரியர் மூடியில் பெயிண்டில் குறி போட்டுவிடுகிறார்கள். புடலங்காய்க் கூட்டு அருமை. சாம்பாரில் காரம் தூக்கல். சொன்னால் இரண்டு நாள் குறையும், அப்புறம் பழையபடிதான்.

நான் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வேலையில் இருந்தபோது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போயிருக்கிறேன். சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களை ஒரு குடும்பமாக எழுதச் சொல்வார்கள். 2011 கணக்கில் தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட குடும்பத்துக்குச் சராசரி 4 பேர்கூட இல்லை. பிறப்பு விகிதம் 1990களிலேயே பெண்ணுக்கு 2.1 குழந்தை என்ற அளவுக்கு வந்து, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8 ஆகிவிட்டது. என்னோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். எனக்கு மகன் ஒன்று, மகள் ஒன்று. அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பிள்ளை. இதில் மகனுக்கு ஓசூரில் வேலை, மகள் கோவையில். பிள்ளைகளுக்குப் பாசம் போய்விட்டது என்று ஊரில் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, நமக்கு ஆயுள் கூடியிருக்கிறது, வேலை வெளியூரில் இருக்கிறது.

தபால் வழியில் சமூகவியல் படித்தபோது ஐ.பி. தேசாய் பற்றி வாசித்தேன். குஜராத்தின் மஹுவா ஊரில் ஆய்வு செய்தவர். தனித்தனி வீட்டில் இருந்தாலும் சொத்தாலும் வருமானத்தாலும் கடமையாலும் குடும்பம் கூட்டாகவே இருக்க முடியும் என்பது அவர் வாதம். என் வீட்டில் அதைத்தான் பார்க்கிறேன். மாதப் பணத்தை மகன் ஜிபேயில் போட்டுவிடுகிறான். எனக்கு இரத்த அழுத்தம் கூடியதும், உப்பைக் குறைக்கச் சொல்லி கடைக்கார அம்மாவிடம் நேரே பேசியவள் மகள்.

கேரியர் எடுக்க வரும் தம்பியைத் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் கேரியரைத் தூக்கியதுமே, "என்ன டீச்சர், கனமா இருக்கு, சாப்பிடலையா?" என்றார். கொஞ்ச நேரத்தில் கடைக்கார அம்மா கஞ்சியோடு வந்துவிட்டார், மகளுக்கும் போன் போயிருந்தது. சேரும்போதே பிள்ளைகள் நம்பரை எழுதி வாங்கிவைப்பது இதற்காகத்தான். காசு கொடுத்து வாங்கும் சேவையில் இவ்வளவு அக்கறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. ஞாயிறு விடுமுறை, இரவுச் சாப்பாடு கிடையாது. தனியாக இருப்பவர்களுக்கு இரவுதான் சிரமம். நிறையப் பேர் காப்பியும் பிஸ்கட்டுமாக முடித்துக்கொள்கிறார்கள். இட்லியாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன், ஆள் கிடைக்கவில்லை என்கிறார்.

சித்திரைத் திருவிழாவுக்கு எல்லாரும் வந்தால் என் வீட்டில் ஏழு பேர். முந்தின நாள் சொன்னால் அதற்கும் அனுப்புகிறார்கள். மற்ற நாளில் வேண்டாம் என்றால் காலை 8 மணிக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் ஏறிவிடும். கேரியர் இரண்டு நாமே வாங்கித் தர வேண்டும்.