கம்ப்யூட்டர் முன்னால் கழுத்தும் முதுகும்: நீண்ட நாள் பயன்பாட்டில் எது உதவுகிறது, எது வீண்

கழுத்து வலிக்க ஆரம்பித்ததும் பெரும்பாலோர் முதலில் மாற்றுவது நாற்காலியைத்தான். நல்ல நாற்காலி வந்த பிறகும் வலி அப்படியே இருக்கும். காரணம் எளிது: கழுத்து வலியில் நாற்காலிக்குப் பங்கு குறைவு. தலையை முன்னால் இழுப்பது திரை, தோளை மேலே தூக்குவது மேசை. வருடக்கணக்கில் எல்லாச் சாமான்களையும் பயன்படுத்திப் பார்த்தால் பலன் தரும் வரிசை இப்படி அமைகிறது: லேப்டாப்புக்குத் தனி கீபோர்டும் மவுஸும், திரையை உயர்த்த ஒரு ஸ்டாண்ட், காலுக்கு ஒரு பலகை, அதற்கப்புறம் நாற்காலி, கடைசியில்தான் ஏறி இறங்கும் மேசை. செலவும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் ஏறுகிறது என்பது நல்ல விஷயம்.

தலையின் எடை சுமார் 5 கிலோ. நேராக இருக்கும்போது அதைக் கழுத்தெலும்புகள் சிரமமில்லாமல் தாங்கும். குனியக் குனியப் பின்கழுத்துத் தசைகள் பிடித்து இழுக்க வேண்டியிருப்பதால் சுமை ஏறுகிறது. 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முதுகெலும்பு அறுவை நிபுணர் போட்ட கணக்குப்படி 15 டிகிரி சாய்வில் இது ஏறக்குறைய 12 கிலோ, 30 டிகிரியில் 18, 60 டிகிரியில் 27. இது கணினி மாதிரியில் போட்ட கணக்குதான், ஆளை வைத்து அளந்தது அல்ல. அதனால் எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். சுமை எந்தப் பக்கம் போகிறது என்று புரிந்தால் போதும்.

லேப்டாப்பின் கோளாறு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், திரை சரியான உயரத்தில் இருந்தால் கை அந்தரத்தில் தூக்கி நிற்கும், கை சரியாக இருந்தால் தலை குனியும். இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க வழியே இல்லை. சாதாரண மேசையில் 14 அங்குல லேப்டாப்பின் மேல் விளிம்பு, கண்மட்டத்துக்கு 15 முதல் 20 செ.மீ. கீழே நிற்கும். அந்த அளவுக்குத் தூக்கி வைத்தால் கழுத்து நிமிரும். தடித்த புத்தகங்களை அடுக்கினாலும் போதும், ஆனால் அடியில் காற்றுப் போகும் துவாரத்தை அடைத்துவிடக் கூடாது. மடக்கு ஸ்டாண்டுகளில் கவனிக்க வேண்டியது கீல். சில மாதங்களில் பிடி தளர்ந்து மெல்ல இறங்கும், இறங்கியது கண்ணுக்குத் தெரியாது, கழுத்துக்குத் தெரியும். ஆணி போட்டு உயரத்தைப் பூட்டும் வகையோ, வளைத்துச் செய்த ஒரே துண்டு அலுமினியமோ நீண்ட நாள் நிற்கிறது.

மானிட்டர் என்றால், திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். தூரம் 50 முதல் 100 செ.மீ.க்குள். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் பெரும்பாலோருக்குச் சரிப்படும். 32 அங்குலத் திரை என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். ஆனால் எவ்வளவு அளந்து வைத்தாலும் எழுத்து சிறியதாக இருந்தால் முகம் தானாகவே முன்னால் போய்விடும். அதனால் முதலில் எழுத்தளவை 125 சதவீதமாக்கிவிட்டு அப்புறம் தூரத்தைத் தீர்மானிப்பது நல்லது. ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் தலை அதைத் தவிர்க்கக் கோணலாகத் திரும்பும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்பிப் போட வேண்டும்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு 'மேல் விளிம்பு கண்மட்டத்தில்' என்ற விதியே பொருந்தாமல் போகலாம். இருகுவிய (பைஃபோகல்) அல்லது புரோகிரசிவ் லென்ஸில் அருகில் பார்ப்பதற்கான பகுதி கீழே இருக்கிறது. திரை உயரமாக இருந்தால் முகவாயைத் தூக்கித்தான் படிக்க வேண்டும். பின்கழுத்து நாள் முழுக்க மடங்கியே கிடக்கும். இவர்கள் மானிட்டரை 5 முதல் 8 செ.மீ. இறக்கி, மேல்பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்க்க வேண்டும். திரைத் தூரத்துக்கென்றே தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. எல்லா அளவையும் சரியாக வைத்தும் கழுத்து வலி போகவில்லை என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

இரண்டு மானிட்டர் வைத்திருந்தால், அதிகம் பார்ப்பது நேர் எதிரே, மற்றது பக்கத்தில் சற்று உள்நோக்கித் திரும்பியபடி. இரண்டையும் சமமாகப் பார்ப்பவர்கள் மட்டும் இணையும் விளிம்பை மூக்குக்கு நேராக வைக்கலாம்.

இனி மேசை உயரம். பலரும் கண்டுகொள்ளாமல் விடுவது இதைத்தான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 72 முதல் 75 செ.மீ. உயரம். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் பாதம் தரையில் படிய உட்கார்ந்தால் இருக்கை சுமார் 42 செ.மீ.யில் இருக்கும், முழங்கை அதற்கு மேல் ஏறக்குறைய 22 செ.மீ. அதாவது தரையிலிருந்து 64. கீபோர்டின் தடிமனையும் சேர்த்தால் கை வேலை செய்யும் இடம் முழங்கையைவிட 10 செ.மீ.க்கும் மேலே போய்விடுகிறது. அந்த வித்தியாசத்தைத் தோள்கள்தான் ஈடுகட்டுகின்றன. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே மாலையானால் கல் மாதிரி இறுகும் இடத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சரிசெய்யும் முறை: முதலில் காலை மறந்துவிட்டு, தோளைத் தளர்த்தி, முழங்கை மேசைமட்டத்துக்கோ ஒரு விரல் மேலேயோ வரும்வரை நாற்காலியை ஏற்ற வேண்டும். இப்போது பாதம் தொங்கும். அந்த இடைவெளியை அளந்து அதே உயரத்துக்குக் கால்பலகை போட வேண்டும், சாதாரணமாக 8 முதல் 12 செ.மீ. வரை வரும். தொங்கவிட்டால் இருக்கையின் முன் விளிம்பு தொடையின் அடியை அழுத்தி மரத்துப்போகும். பிறகு உடல் தானாக முன்னால் வழுக்கி வந்து முதுகுச் சாய்மானத்தை இழக்கும். கால்பலகை அகலமாக, வழுக்காததாக இருக்க வேண்டும். உருளையாக ஆடும் வகை முதல் வாரம் சுகமாக இருக்கும், அப்புறம் காலில் இடறுவதற்கு மட்டுமே பயன்படும். மேசைக்கு அடியில் இழுப்பறை இருந்தால் நாற்காலியை ஏற்றும்போது தொடை இடிக்கும். அதைக் கழற்றி எடுத்துவிடுவது தவிர வேறு வழியில்லை. மர மேசை என்றால் கால்களை அறுத்துக் குட்டையாக்குவது இன்னும் சுத்தமான தீர்வு, யாரும் செய்வதில்லை என்பது வேறு.

கீபோர்டின் பின்னால் இருக்கும் இரண்டு குட்டிக் கால்களை விரிக்கக் கூடாது. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குவதற்கு அவைதான் காரணம். வலப்பக்கத்து எண்விசைகள் அடிக்கடி தேவைப்படாதவர்கள் அவை இல்லாத கீபோர்டு வாங்கினால் மவுஸ் 8 செ.மீ. போல உள்ளே வரும். தோள்பட்டை வலி வலப்பக்கம் மட்டும் இருப்பவர்களுக்கு இந்தச் சின்ன மாற்றம் வித்தியாசம் காட்டுகிறது, கை வெளியே நீண்டபடி இருப்பது நிற்கிறது அல்லவா.

இப்போது நாற்காலி. தலைசாய்மானம், தோல் உறை, கைப்பிடி எத்தனை திசையில் திரும்பும் என்பதெல்லாம் அப்புறம். முதலில் இருக்கையின் ஆழம். முதுகை ஒட்டி உட்கார்ந்தால் முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் இடம் வேண்டும். உயரம் குறைந்தவர்கள் ஆழமான இருக்கையில் உட்கார்ந்தால் முதுகு சாய்மானத்தைத் தொடவே தொடாது. இடுப்புத் தாங்கல், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள குழிவில் பொருந்த வேண்டும். அதை மேலும் கீழும் நகர்த்த முடியாத நாற்காலி யாருக்கோ பொருந்தும், நமக்குப் பொருந்துவது தற்செயல். தாங்கலே இல்லாத நாற்காலிக்குத் துண்டை 7, 8 செ.மீ. தடிமனுக்குச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் போதும். அதற்குமேல் தடித்தால் உடல் முன்னால் தள்ளப்படும். கடையில் விற்கும் இடுப்புத் தலையணைகள் பலவற்றிலும் குறை இதுதான்.

சாய்மானத்தைப் பூட்டி வைத்துவிட்டு 90 டிகிரியில் விறைப்பாக உட்காருவது பழைய அறிவுரை. 1999இல் வில்கே என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஒருவருடைய முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டினுள் அழுத்தமானியைப் பொருத்தி அளந்தார்கள். நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல், நாற்காலியில் பின்னால் சாய்ந்து கிடந்தபோது 0.27, உட்கார்ந்து முழுக்க முன்னால் குனிந்தபோது 0.83. அளந்தது ஒரே ஆளிடம்தான், ஆனாலும் சாய்வது சோம்பேறித்தனம் இல்லை என்பதற்கு இது போதும். பூட்டை எடுத்துவிட்டு 100 முதல் 110 டிகிரி வரை முன்னும் பின்னும் அசைய விடுங்கள். இருக்கைக்கு அடியிலுள்ள குமிழியைத் திருகி இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்: காலால் உந்தாமல் சாய முடிய வேண்டும், நிமிரும்போது முதுகைத் தள்ளவும் கூடாது. தலைசாய்மானம் இப்படிச் சாயும்போது மட்டுமே உதவும். தட்டச்சு செய்கையில் அது தலையில் முட்டினால் தலையை முன்னால்தான் தள்ளும்.

கைப்பிடி மேசை விளிம்பில் இடித்து நாற்காலியை உள்ளே போக விடாமல் நிறுத்தினால், உடனே இறக்கிவிட வேண்டும். இறங்காது என்றால் கழற்றிவிடலாம், நான்கு போல்ட்தான்.

நாற்காலி பழசாகும் விதத்தைப் பற்றி விற்கும்போது யாரும் சொல்வதில்லை. முதலில் போவது பஞ்சு. முஷ்டியை அழுத்தினால் அடியிலுள்ள பலகை தட்டுப்பட்டால் அதன் காலம் முடிந்தது. அதிலும் மவுஸ் பிடிக்கும் பக்கமாகச் சாய்ந்து உட்காருபவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் அமுங்கும். இடுப்பெலும்பு சரிந்து ஒருபக்க முதுகுவலி வரும். வலை இருக்கையில் பஞ்சுத் தொல்லை இல்லை, ஆனால் வலை தொய்ந்ததும் முன்பக்கச் சட்டம் தொடையில் வெட்டும். அடுத்தது இருக்கையை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டர். ஒரே நாளில் விழுவதில்லை, உட்கார்ந்த சில மணி நேரத்தில் 2, 3 செ.மீ. இறங்கும். இருக்கை இருக்க வேண்டிய உயரத்தை மேசைக்காலில் ஒரு டேப் துண்டால் குறித்து வைத்தால் பிடிபடும். சிலிண்டர் பழுதானதற்காக நாற்காலியைத் தூக்கிப்போட வேண்டாம். அது ஆணியோ திருகோ இல்லாமல், கூம்பு வடிவில் சொருகி இறுகியிருக்கும். நாற்காலியைக் கவிழ்த்து, சக்கரக்கால் பக்கம் ரப்பர் சுத்தியலால் தட்டினால் கழலும். இருக்கைப் பக்கத்து முனையைப் பைப் ரெஞ்சால் பிடித்துத் திருக வேண்டும். அதே நீளத்தில் புதியதைச் சொருகி மேலே உட்கார்ந்தால் தானே இறுகும், கிரீஸ் தடவக் கூடாது. பழைய சிலிண்டரைத் துளைப்பதோ வெட்டுவதோ வேண்டாம், உள்ளே இருப்பது உயர் அழுத்த வாயு.

மானிட்டரைத் தூக்கிப் பிடிக்கும் ஆர்ம் வாங்கும்போது மானிட்டரின் பின்னால் 75 அல்லது 100 மி.மீ. சதுரத்தில் நான்கு துளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எடை ஆர்மின் குறைந்தபட்ச அளவைவிடக் கம்மியாக இருந்தால் திரை மேலே மிதந்து போகும், அதிகம் என்றால் தலைகுனியும். கண்ணாடி மேசையிலும், நடுவே கூடாக இருக்கும் பலகையிலும் ஆர்மை மேசையோடு கவ்விப் பிடிக்கும் கிளாம்பை இறுக்கினால் விரிசல்தான். சுவரை ஒட்டிய மேசை என்றால் ஆர்மின் முழங்கை மடங்கப் பின்னால் இடம் வேண்டும் என்பதும் பலருக்கு மாட்டிய பிறகுதான் தெரிகிறது.

ஏறி இறங்கும் மேசை நல்ல பொருள், ஆனால் அதிகம் வீணாவதும் அதுவே. கையால் சுற்றும் வகை சில மாதங்களில் ஒரே உயரத்தில் நின்றுவிடும். மோட்டார் வகையிலும் உயரத்தை நினைவில் வைக்கும் பொத்தான் இருந்தால்தான் பயன்படுத்துவார்கள். மேசைக்கால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அடுக்கு என்றால் பெரும்பாலும் 70 செ.மீ.க்குக் கீழே இறங்காது; குட்டையானவர்களுக்கு உட்காரும் உயரமே கிடைக்காது. மூன்று அடுக்கு என்றால் 62 வரை வரும். நாள் முழுக்க நிற்பதும் தவறு: முழங்காலைப் பூட்டிக்கொண்டு நின்றால் கீழ்முதுகுதான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். மணிக்கு 10, 15 நிமிடத்தில் ஆரம்பித்து, ஒரு காலை 10 செ.மீ. மேடையில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். தொலைபேசி வந்தால் மேசையை ஏற்றுவது என்று வைத்துக்கொண்டால் பழக்கம் நிலைக்கும்.

தோளை இழுத்துக் கட்டும் நிமிர்வுப் பட்டைகள், நாற்காலிக்குப் பதில் பெரிய ரப்பர் பந்து: இரண்டும் வேண்டாம். பட்டையைக் கழற்றியதும் தோள் பழையபடி விழும். பந்தில் தசை களைத்ததும் முதுகு வளையும், சாய ஒன்றும் இருக்காது.

எவ்வளவு நல்ல அமைப்பானாலும் அசையாமல் இருந்தால் வலிக்கும். 20 நிமிடம் முழுக்கக் குனிந்திருந்தாலே முதுகெலும்பைப் பிணைக்கும் நார்கள் மெல்ல நீள்கின்றன, எழுந்த உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதனால்தான் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்த கையோடு கனமான எதையும் குனிந்து தூக்கக் கூடாது. முதலில் இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். அரைமணிக்கொரு முறை எழச் சொல்லும் செயலிகள் இரண்டு வாரம் வேலை செய்யும், அப்புறம் விரல் பார்க்காமலேயே அதை மூடிவிடும். சிறிய தம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்வது அதைவிட நம்பகமானது, தீர்ந்ததும் நிரப்ப எழுந்தே ஆக வேண்டும்.

பயிற்சியில் மூன்று போதும். தாடையைப் பின்னிழுத்தல்: பார்வை நேராக இருக்க, முகவாயை முதுகுப் பக்கமாகத் தள்ளி 5 விநாடி, 10 முறை. தலையைக் குனிந்தால் அது வேறு, பயன் இல்லை. அடுத்து, கதவு நிலையில் முன்கையை ஊன்றி நெஞ்சை முன்னால் விட்டு 30 விநாடி. மூன்றாவது, தரையில் கையும் முழங்காலும் ஊன்றி, எதிரெதிர்க் கையும் காலும் நீட்டி 8 விநாடி, பக்கத்துக்கு 6 முறை. இடுப்பு ஆடாமல் இருப்பதுதான் இதில் முக்கியம்.

வலி கையிலோ காலிலோ இறங்கினால், விரல் மரத்தால், பிடி தளர்ந்து பொருள் நழுவினால், காய்ச்சலோடு அல்லது இரவில் தூங்கவிடாமல் வலித்தால், மேசையை அளந்துகொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தப்பினாலோ தொடை இடுக்கில் உணர்ச்சி போனாலோ அன்றைக்கே, அவசரப் பிரிவுக்கு.